தோட்டத்து ஊரில் மெர்டேக்கா: கொடி, மைக், நாசி லெமாக்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் 150 பேர் கூடும் மெர்டேக்கா (ஆகஸ்டு 31 விடுதலை நாள்) விழாவுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளித் திடல் அல்லது பழைய பெரட்டுக் களம் (தோட்டத் தொழிலாளர் காலையில் பேர் கொடுக்கக் கூடும் இடம்), ஒரு கொடிக்கம்பம், ஒரு ஒலிபெருக்கி, காலைப் பசியாறல். இவ்வளவுதான். பணமில்லாமல் கெட்ட விழாக்களைவிடத் தலைகீழாக ஏறிய கொடியாலும், பாதியில் நின்ற தேசியப் பாடலான நெகாராகூவாலும், பிரமுகருக்காக வெயிலில் காத்திருந்ததாலும் கெட்டவையே அதிகம். மூன்றையும் முதல் நாள் மாலையிலேயே தடுத்துவிடலாம்.

பேனர் அச்சுக்குப் போகும் முன்

“1957-இல் மலேசியா சுதந்திரம் பெற்றது” என்று எழுதாதீர்கள். 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை பெற்றது மலாயாக் கூட்டரசு. சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை மலாயாவோடு இணைந்து மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16-இல். அதையும் முதலில் ஆகஸ்டு 31-க்கே குறித்திருந்தார்கள். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் மறுப்புத் தெரிவிக்க, ஐக்கிய நாடுகள் குழு ஒன்று சபாவும் சரவாக்கும் உள்ள போர்னியோவுக்குப் போய் மக்கள் கருத்தைக் கேட்டறிய வேண்டியதாயிற்று, நாள் தள்ளிப்போனது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9-இல் பிரிந்தது. செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் பொது விடுமுறையானது 2010-இல்தான்.

எத்தனையாவது ஆண்டு என்பதிலும் அடிக்கடி தவறு நேர்கிறது. நடப்பு ஆண்டிலிருந்து 1957-ஐக் கழியுங்கள், வருவதுதான் எண். 2007-இல் 50, 2025-இல் 68. 1957 விடுதலை நாளையும் ஒரு விழாவாகக் கணக்கிட்டு ஒன்றைக் கூட்டிவிடுவதால் பேனர் வீணாகிறது. அரசாங்கம் ஆண்டுதோறும் புதிய கருப்பொருளும் சின்னமும் வெளியிடும். கடைக்காரர் கையில் இருப்பது போன வருடத்து வடிவமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கொடியைச் சரிபார்ப்பது

தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கின் நீளம், உயரத்தைப் போல் இரு மடங்கு. பதினான்கு பட்டைகள், எல்லாம் ஒரே அகலம். மேலே முதல் பட்டை சிவப்பு, அடியில் கடைசிப் பட்டை வெள்ளை. நீலக் கட்டம் மேலிருந்து எட்டுப் பட்டை உயரத்துக்கும், நீளத்தில் சரிபாதிக்கும் வரும். பிள்ளைகளை வைத்துப் பெரிதாக வரைவதென்றால் 140 செ.மீ. உயரம், 280 செ.மீ. நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையும் 10 செ.மீ., நீலக் கட்டம் 80-க்கு 140 செ.மீ. என்று கணக்கு சுலபமாக விழும். நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனை. இதை எண்ணிப் பார்க்காமல் அச்சடித்த மலிவுக் கொடிகள் சந்தையில் கிடைக்கின்றன. கையில் வாங்கியதும் முதல் வேலை முனைகளை எண்ணுவது. பிறையும் நட்சத்திரமும் மஞ்சள். அது மலாய் ஆட்சியாளர்களின் நிறம். வெள்ளைப் பிறையோடு வரும் கொடியைத் திருப்பிக் கொடுங்கள்.

தலைகீழாகத் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். கொடியை மடித்த நிலையிலேயே கயிற்றில் கட்டுகிறார்கள். எந்த மூலை மேலே என்று விரித்துப் பார்ப்பதில்லை. நீலக் கட்டத்தின் மேல் மூலையில் உள்ள துளையில் முதல் நாளே சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள். கட்டுகிறவருக்குக் கண் மங்கலானாலும் விரல் கண்டுபிடித்துவிடும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் படுக்கைவாக்கில் மாட்டுங்கள், நீலக் கட்டம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் மேலே. செங்குத்தாகத் தொங்கவிடும்போதுதான் குழப்பமே வருகிறது. சின்ன விழாவுக்கு அது தேவையில்லை.

பேராக் கொடி மேலிருந்து வெள்ளை, மஞ்சள், கறுப்பு. இரண்டு கம்பம் இருந்தால், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்புறக் கம்பம் தேசியக் கொடிக்கு. மாநிலக் கொடி அதைவிட உயரமாகவோ பெரிதாகவோ இருக்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகள் 1957-ஐ நாடகமாக நடிப்பதென்றால் ஒரு நுணுக்கம். அன்று ஏறிய கொடியில் பட்டைகள் பதினொன்று, நட்சத்திர முனைகளும் பதினொன்று. ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமது ஹம்சா வரைந்து, 1950 மே 26-இல் முதலில் ஏற்றப்பட்ட வடிவம் அது. பதினான்கானது 1963-இல். ஜாலூர் கெமிலாங் என்ற பெயரோ 1997 ஆகஸ்டு 31-இல் வந்தது. ஆகவே நாடகத்தில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேடமிட்ட பையன் “ஜாலூர் கெமிலாங்” என்று சொன்னால் நாற்பது வருடம் முந்திவிட்டான் என்று பொருள்.

கம்பம், கயிறு, பாட்டு

6 மீட்டர் கம்பத்துக்குக் கயிறு சுமார் 14 மீட்டர் வேண்டும். மேலே கப்பியைச் சுற்றி இரு பக்கமும் கீழே இறங்கி, கட்டுவதற்கும் மிச்சம் இருக்க வேண்டும். 6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு போதும். பருத்திக் கயிறு பனியில் நனைந்து ஊதிக் கப்பியில் சிக்கும்; விடியற்காலையில் ஏற்றும்போது கொடி முக்கால் கம்பத்தில் நின்றுபோவது இதனால்தான். கயிற்றின் இரு நுனிகளையும் முடிந்து ஒரே வளையமாக்கிவிடுங்கள். ஒரு நுனி கைநழுவி மேலே ஓடிவிட்டால் ஏணி தேடி அரை மணி நேரம் போகும். கப்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் நாள் மாலை வெறுங்கயிற்றைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பாட்டு முடியும்போது கொடி உச்சியில் இருக்க வேண்டும். உங்களிடமுள்ள நெகாராகூ ஒலிப்பதிவு எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்து அளந்து, கம்பத்தின் உயரத்தை அதால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் இழுப்பது என்று தெரியும். அந்தக் கணக்கை இழுப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டாம். பாட்டின் நடுவரியில் கொடி கம்பத்தின் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இழுப்பதற்கு ஒருவர், மறுபக்கக் கயிற்றைத் தளர விடாமல் பிடிக்க ஒருவர், கொடி தரையைத் தொடாமல் கையில் ஏந்தி விரித்து விட ஒருவர். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கூட நிற்பவர் கால்தான் கயிற்றில் சிக்கும்.

ஒலிப்பதிவை இணையத்திலிருந்து நேரடியாக ஓட விடாதீர்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் தொடர்பு அறுந்தால் பாட்டும் அறும். அதைவிட மோசம், நெகாராகூவுக்கு முன்னால் சவர்க்கார விளம்பரம் பாடுவது. பாட்டைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி, பறக்கும் நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றி, கம்பி வழியாக இணையுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக் பிடிப்பவர் பெட்டிக்கு முன்னால் நடந்தால் கீச்சென்று அலறும். இதற்கு ஒலியைக் குறைப்பதைவிட ஆளை நகர்த்துவதே மருந்து.

பேராக்கில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நெகாராகூவின் மெட்டு பேராக் மாநிலப் பாடலிலிருந்து 1957-இல் எடுக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் கூட்டம் இரண்டாவது முறையும் நெகாராகூ சொற்களையே பாடத் தொடங்கும், அல்லது திரும்பவும் ஓடுகிறது என்று நினைத்து உட்காரும். “அடுத்து மாநிலப் பாடல், நின்றபடியே இருங்கள்” என்று நடுவில் ஒரு வரி அறிவித்தால் தீர்ந்தது. தேசியப் பாடல் ஒலிக்கும்போது நேராக நிற்பது வெறும் பழக்கமல்ல. 1968-ஆம் ஆண்டு தேசியப் பாடல் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 100 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ உண்டு. வீடியோ எடுப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முன்னிரவு விளக்கணைப்பு

1957 ஆகஸ்டு 30 இரவு, கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் நள்ளிரவுக்கு முன் இரண்டு நிமிடம் விளக்குகளை அணைத்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் விளக்கு எரிந்தது, பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது. இதைத் திடலில் அப்படியே செய்து காட்டலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் திடலின் பெரிய விளக்குகளை அணைக்காதீர்கள். அவை மெட்டல் ஹாலைட் வகையாக இருந்தால், சூடு ஆறாமல் திரும்ப எரியாது; பத்து நிமிடம் வரை இருட்டிலேயே நிற்க வேண்டி வரும். அன்றிரவுக்குத் தற்காலிக எல்இடி விளக்குகளை மட்டும் பயன்படுத்துங்கள். மேடைப் படி, கால்வாய் ஓரம் இரண்டிலும் டார்ச்லைட்டோடு ஆள் நிற்கட்டும். மறுநாள் காலையில் கொடியேற்றமும் உண்டு என்றால், வயதானவர்களுக்கு இந்த இரவு நிகழ்ச்சி தேவையில்லை. இரண்டையும் செய்து இரண்டிலும் பாதிக் கூட்டம் பார்ப்பதைவிடக் காலையை மட்டும் ஒழுங்காகச் செய்வது மேல்.

காலை நிகழ்ச்சி

அடிவாரத்து ஊர்களில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும். எனவே காலை 7:30-க்குக் கூடி, 8-க்குக் கொடி, 11-க்குள் எல்லாம் முடிவது நல்ல கணக்கு. பிரமுகர் வருவதற்காகக் கொடியை நிறுத்தி வைக்காதீர்கள். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு ஏற்றிவிடுங்கள், அவர் வந்ததும் பேசட்டும். அழைப்பிதழிலேயே “கொடியேற்றம் சரியாக 8:00” என்று தனி வரியில் அச்சிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

கொடி ஏறியதும் ருக்குன் நெகாரா. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31-இல் பிரகடனம் செய்யப்பட்ட ஐந்து தேசியக் கோட்பாடுகள். மனப்பாடம் என்று நம்பி மேடையேறிய மாணவர் நான்காவதில் திணறுவது வழக்கம். கையில் அட்டை கொடுங்கள். முதலில் மலாயில் சொல்லி, பிறகு தமிழில் ஒருவர் பொருள் வாசித்தால் ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்த பாட்டிகளுக்கும் புரியும். அதன் பிறகு “மெர்டேக்கா” முழக்கம் ஏழு முறை. ஸ்டேடியம் மெர்டேக்காவில் காலை 9:30-க்குத் தொடங்கிய விழாவில், 20,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் துங்கு அப்துல் ரஹ்மான் எழுப்பிய கணக்கு அது. தொண்டை உரத்த ஒருவரை இதற்கென்று முன்பே தேர்ந்தெடுங்கள். தலைவர் என்ற காரணத்துக்காக மெல்லிய குரல்காரரிடம் கொடுத்தால் மூன்றாவது முழக்கத்தில் கூட்டம் ஓய்ந்துவிடும்.

உரைகள் மொத்தம் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடமாவது நம் ஊர் வரலாற்றுக்குப் போகட்டும், ஏனென்றால் கோலாலம்பூர்க் கதையைப் பாடநூலே சொல்லிவிடுகிறது. 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல்தான் முடிந்தது. அதாவது, விடுதலை வந்த நாளில் நாடு இன்னும் அந்தக் கெடுபிடிக்குள்ளேயே இருந்தது. இதே ஊரில் 1919-இல் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர். 1955 ஜூலை 27 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ வென்ற கூட்டணியில் ம.இ.கா.வும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுத் துண்டாடத் தொடங்கியபோது, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் அமைத்தவரும் அவரே.

குடியுரிமைக் கதையையும் விட்டுவிடாதீர்கள். மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பின்னோ மலாயாவில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். 1962-இல் இந்த விதி இறுக்கப்பட்டு, பெற்றோரின் நிலையும் பார்க்கப்பட்டது. மெர்டேக்காவுக்கு முன்பே பிறந்த பலர் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமலோ படிவம் நிரப்ப ஆளில்லாமலோ குடிமகன் அல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) உண்டு. இதைக் கண்காட்சியாக வைக்கலாம்: பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ரப்பர் மரம் சீவும் பால் உளி, பால் பிடிக்கும் மங்கு, பெரட்டுக்கு அடித்த தண்டவாளத் துண்டு. ஆவணங்களின் மூலத்தை மேசையில் வைக்காதீர்கள். நகலெடுத்து, எண்களைக் கறுப்பு மையால் மறைத்து, பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். மூலம் அன்றே வீடு திரும்பட்டும்.

சாலையில் சைக்கிள் ஊர்வலம் வைத்தால் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி குறைந்தது 5 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு வாரம் முன்பே போனால்தான் போக்குவரத்துக்கு ஆள் கிடைக்கும். சைக்கிளில் சுற்றும் கிரேப் காகிதம் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மழை தூறினால் அதன் சிவப்புச் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கும், போகவே போகாது.

விளையாட்டுகளில் சாக்கு ஓட்டமும் எலுமிச்சைக் கரண்டியும் சொல்லிக்கொடுக்க வேண்டியவை அல்ல. கயிறு இழுத்தலில் மட்டும் கவனம். கடையில் கிடைக்கும் நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும்; மெல்லியதாக இருப்பதால் உள்ளங்கையும் உரியும். பக்கத்துக்கு எட்டுப் பேர் என்றால், சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாத தடித்த சணல் கயிறு, 30 மீட்டருக்கு மேல் நீளம். கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் அனுமதிக்காதீர்கள். அப்படிச் சுற்றித்தான் விரல்கள் போயிருக்கின்றன.

பசியாறல், 150 பேருக்கு

எல்லா இனத்தவரும் வருகிறார்கள் என்றால் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்தான் சரி. ஆனால் யார் சமைப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பன்றி இறைச்சி சேர்க்கவில்லை என்பது மட்டும் ஹலாலுக்குப் போதாது; பாத்திரம், கோழி, அடுப்பு எல்லாம் அதில் அடங்கும். பக்கத்து மலாய்க் கம்போங் மக்காச்சிகளிடம் (கிராமத்துப் பெரியம்மாக்களிடம்) சோற்றையும் சம்பலையும் ஒப்படைத்து, கோவில் சமையல்காரர்களிடம் சைவப் பங்கைக் கொடுப்பது இருதரப்புக்கும் நிம்மதி. மாட்டிறைச்சி அன்றைய பட்டியலில் வேண்டாம்.

தலைக்கு 100 கிராம் அரிசி என்று 15 கிலோ. அதற்குச் சந்தான் (தேங்காய்ப்பால்) 4½ கிலோ, பண்டான் இலை 30, இஞ்சி அரைக் கிலோ. பதினைந்து கிலோவையும் ஒரே அண்டாவில் போடாதீர்கள். அடி பிடித்துத் தீய்ந்த வாடை முழுவதும் ஏறும், மேலே அரிசி வேகாது. இரண்டு பாத்திரமாகப் பிரித்து, முதலில் ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, பிறகு உப்பிட்ட சந்தானைக் கலந்து கிளறி, மறுபடி ஆவியில் ஏற்றுங்கள். தொடக்கத்திலேயே சந்தானை ஊற்றினால் அது அடியில் தங்கிக் கருகும்.

சம்பல் முந்தைய மாலையே: காய்ந்த மிளகாய் 1¼ கிலோ (ஊறவைத்து விதை களைந்தது), பெரிய வெங்காயம் 5 கிலோ, பிளாச்சான் (இறால் விழுது) 150 கிராம், புளி 300 கிராம், சீனி அரைக் கிலோ, எண்ணெய் 2 லிட்டர். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கிளற வேண்டும். சீக்கிரம் இறக்கினால் மிளகாயின் பச்சை நெடி அடிக்கும், மறுநாள் வயிற்றையும் கலக்கும். பிளாச்சான் போடும் முன் சைவத்துக்கு ஒரு பங்கை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) 2 கிலோ, நிலக்கடலை 3 கிலோ, இரண்டையும் தனித்தனியே வறுத்து ஆறியபின் சேர்த்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். ஆளுக்கு அரை முட்டையாக 75, வெள்ளரிக்காய் 6 கிலோ.

விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். வெந்த சோற்றைப் பத்து நிமிடம் ஆற விட்டுப் பிறகு பொட்டலம் கட்டுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கட்டினால் உள்ளே வியர்த்து, சந்தான் சோறு சீக்கிரமே ஊசிப்போகும். 9:30-க்குப் பரிமாறி, 11-க்கு மேல் மிச்சமிருப்பதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

இறக்கிய பிறகு

விளக்கு வெளிச்சமில்லாத கம்பத்தில் இரவில் கொடியை விடாமல் பொழுது சாய்வதற்குள் இறக்குங்கள். நனைந்திருந்தால் உலர்த்தாமல் மடிக்க வேண்டாம்; வெள்ளைப் பட்டையில் பூஞ்சைப் புள்ளி விழும். செப்டம்பர் 16-க்கும் அதே கொடிதான் வேண்டும். கிழிந்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மறைவான இடத்தில் மரியாதையாக எரித்துவிடுங்கள்.

செம்பனைப் பழம் வெட்டும் நாளாக இருந்து அன்றும் வேலைக்கு அழைத்தால், சம்பளக் கணக்கு இது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் தேசிய தினமும் மலேசிய தினமும் முதலாளி மாற்ற முடியாத ஐந்து விடுமுறைகளில் சேர்ந்தவை. நாட்கூலிக்காரர் அன்று வேலை செய்தால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. எடைக்கூலி, குலைக்கூலி என்றால் வழக்கமான விகிதத்தின் இரு மடங்கு. வார ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை. முதல் நாளோ மறுநாளோ தகுந்த காரணமும் அனுமதியும் இல்லாமல் வேலைக்கு வராதவருக்கு அந்த விடுமுறைச் சம்பளம் கிடையாது. மெர்டேக்காவோடு ஒரு நாளைச் சேர்த்து விடுப்புப் போடும் இளைஞர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாய்வார்த்தையாகச் சொல்லாமல் அனுமதியை எழுதி வாங்குங்கள். ஆகஸ்டு சம்பளச் சீட்டில் குறைந்திருந்தால் முதலில் கிராணி (தோட்டக் கணக்கர்), பிறகு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், அதற்கும் சரிவரவில்லை என்றால் தொழிலாளர் துறை. சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.